கல்யாணப் படத்தில் இருந்த ஓட்டு வீடு

“கீழத்தெரு மக்கள், பள்ளிக்கூட முகாம். கறுப்பு வெள்ளை, இரண்டு சுருள். நல்ல வெயில். ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர். பேச்சியம்மாள் வீடு: எடுக்க இயலவில்லை.”

1996 செப்டம்பரில் ஒரு நெகட்டிவ் உறையின்மேல் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. உறையில் கிழமையும் தேதியும் உண்டு. தேதி இல்லாத படத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று உங்களிடம் ஓயாமல் சொல்லிவந்தவன் நான். அதே நான் இந்த ஒரு தேதியை மறைக்கிறேன். நாளைச் சொன்னால் அந்த வாரத்துச் செய்தித்தாளைப் புரட்டி ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். ஊர் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும். சாதிப் பெயர்களும் இங்கே வராது. மேலத்தெரு, கீழத்தெரு என்றே எழுதுகிறேன். பேச்சியம்மாள் என்பதும் நான் வைத்த பெயர். உறையில் இருப்பது வேறு.

கலவரம், இடம்பெயர்வு என்று படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் நீங்கள் என்னிடம் எந்த லென்ஸ், எந்த பிலிம் என்று கேட்கிறீர்கள். அதற்கெல்லாம் இப்போது வேறு பதில்கள் வந்துவிட்டன. நான் சொல்லக்கூடியது, படம் எடுத்து முடித்த பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதைப் பற்றித்தான்.

அப்போது தச்சநல்லூரில் குடியிருந்தேன். ஒரு வார இதழுக்கும், நிவாரண வேலை செய்துவந்த ஓர் அமைப்புக்கும் படம் எடுத்துக் கொடுத்தேன். கடல் தாண்டி வந்தவர்களின் முகாம்களுக்குப் பல வருடங்களாகப் போய்ப் பழகியிருந்தேன். சொந்த ஆற்றங்கரையில், காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில், சனங்கள் வீட்டை விட்டு ஓடிவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணியதில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, வாழையும் நெல்லுமாக இருக்கிற ஒரு ஊர். கீழத்தெருக்காரர்கள் பெரும்பாலும் வாழைத் தோட்டத்துக் கூலிகள். சில வீடுகளில் ஆண்கள் பம்பாய்க்குப் போய்ச் சம்பாதித்தார்கள். சண்டை எதில் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முடிவு ஒன்றுதான்: மேலத்தெருவிலிருந்து வந்த கூட்டம் கீழத்தெருவுக்குத் தீ வைத்தது. உயிரோடு தப்பியவர்கள் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். நான் போனபோது பெஞ்சுகளை ஓர் ஓரமாக அடுக்கிவிட்டு, வகுப்புக்கு நாலைந்து குடும்பமாகப் படுத்திருந்தார்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது.

வார இதழின் ஆசிரியர் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்: கண்ணீர் வேண்டும், பெண்கள் வேண்டும், அட்டைக்கு ஒரு குழந்தை வேண்டும். அந்தப் பட்டியலோடுதான் வாசலில் நுழைந்தேன். வாய்க்காலில் துணி அலசிவிட்டு வந்த பெண்கள் சுற்றுச்சுவர்மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவை எடுத்ததும் அவர்களில் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், சேலையை உதறிக்கொண்டே சொன்னாள்:

“அழுத பொம்பளைய எல்லாம் நேத்தே வந்து எடுத்துட்டுப் போயிட்டாவ சார். நீங்க பிந்திட்டிய.”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். முகாமில் சிரிப்பு இருக்காது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இருக்கும். அதை எடுத்தால் ஆசிரியர் போடமாட்டார் என்பது வேறு விஷயம். நான் கேமராவை மூடிவிட்டு நின்றேன். அவள்தான் பேச்சியம்மாள். கொஞ்சம் தள்ளி வந்து, சிரிக்காமல் கேட்டாள்:

“என் வீட்ட எடுத்துத் தாரியளா?”

எரிந்த வீட்டைத்தானே கேட்கிறாள், எடுத்துவிடலாம் என்று நினைத்துக் கீழத்தெருவுக்குப் போனேன். போலீஸ் காவல் இருந்தது. அனுமதி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தெருவைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். எரிந்த உத்தரம், உடைந்த ஓடு, இடிந்த சுவர் எல்லாம் டிராக்டரில் போய்விட்டன. சாம்பல் கலந்த மண்தரைதான் மிச்சம். எந்த இடத்தில் எந்த வீடு நின்றது என்பதே தெரியவில்லை. அன்று மாலைதான் உறையில் அந்தக் கடைசி வரியை எழுதினேன்.

மறுநாள் போனபோது அவள் விவரம் சொன்னாள். சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள், தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, தெரு முழுவதற்கும் ‘குடிசை’ என்று ஒரே சொல்லில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுடையது குடிசை இல்லை. தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தில் அவர்களுடைய மண்சுவர் கரைந்துவிட்டது. பம்பாயில் இட்லி விற்றுக்கொண்டிருந்த அவள் கணவன் அனுப்பிய பணத்தில் மறுவருடம் செங்கல் வைத்துக் கட்டி, ஓடு போட்டார்கள். சிமெண்டுத் தரை. வாசலில் வேப்பமர நிலை. கீழத்தெருவில் முதல் ஓட்டு வீடு அதுதான்.

குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் நிவாரணத்தில் வித்தியாசம் உண்டே என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரூவா கூடக் குறைய இருந்துட்டுப் போட்டும் சார். நாங்க ஓட்டு வீடு கட்டுனோம்னுதான எரிச்சாவ? இப்ப தாள்லயும் அத குடிசைன்னு எழுதிட்டா, எரிச்சவன் நெனச்சது நடந்துட்டுல்லா?”

அதற்குப் பிறகு நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தங்கையின் கல்யாணம் அந்த வீட்டு வாசலில்தான் நடந்தது, வெள்ளத்துக்கு மறுவருடம் ஆவணியில். ஆல்பம் இருந்தது. வீட்டோடு எரிந்துவிட்டது. யார் எடுத்த படம் என்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அவுக பேரச் சொன்னா அவுகளுக்குக் கெடுதல்” என்றாள் பேச்சியம்மாள். “தொழிலுக்கு வந்தாவ. மரியாதையா நடந்துக்கிட்டாவ. எதுக்கு?”

தனக்கு வேண்டிய ஒரே சாட்சியம் அந்த மனிதரிடம் இருக்கிறது என்று தெரிந்தும் அவள் இரண்டு நாள் பெயரைச் சொல்லவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது, “நீங்களும் போட்டாக்காரருதான, ஒங்களுக்குள்ள பேசிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊர்க் கடைவீதியில் இருந்த ஒரு ஸ்டூடியோவைச் சொன்னாள்.

ஸ்டூடியோக்காரர் மேலத்தெருக்காரர்களின் சொந்தம். ஐம்பது வயது இருக்கும். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் பாதி அவர் எடுத்ததுதான். கண்ணாடி அலமாரியில் தாமரைப் பூவுக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் மாதிரிப் படங்கள். உள்ளே அருவி வரைந்த திரை. நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

“உம்ம படத்தையெல்லாம் பத்திரிகையில பாக்கேன்வே. எல்லாவனும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கான். ஒரு படத்துலயாவது நேரா நிமிந்து நிக்கச் சொல்லப்பிடாதா?”

வந்த காரியத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்தார்.

“சீல் வைக்காத கல்யாணமெல்லாம் இதுக்குள்ள கெடக்கு” என்றார்.

புதியவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்த ஸ்டூடியோவிலும் பிரிண்டின் பின்பக்கம் கடையின் ரப்பர் முத்திரையைக் குத்தாமல் வெளியே அனுப்பமாட்டார்கள். மறுபடி பிரதி வேண்டுமென்றால் அதை வைத்துத்தான் வருவார்கள். இவர் கீழத்தெருக் கல்யாணங்களையும் எடுத்தார். கூலியும் வாங்கினார். ஆனால் அந்தப் படங்களுக்கு மட்டும் முத்திரை வைப்பதில்லை, ஆல்பத்தில் கடைப் பெயர் ஒட்டுவதில்லை, கண்ணாடி அலமாரியில் வைப்பதில்லை. வைத்தால் மேலத்தெருக்காரர் ஒருவரும் கடைப்படி ஏறமாட்டார்கள். கீழத்தெருக்காரர்களுக்கும் இது தெரியும். அவர் இதை வெட்கத்தோடும் சொல்லவில்லை, பெருமையோடும் சொல்லவில்லை. கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும். பின்னால் செங்கல் சுவர், வேப்பமர நிலை, சீராக வேய்ந்த ஓட்டுக்கூரை. கூரைக்குப் பின்னால், தூண்கள்மேல் நின்ற ஊர்த் தண்ணீர்த் தொட்டியும், சாய்ந்த ஒரு பனைமரமும். கல்யாணப் படத்தில் யாரும் பார்க்காத பகுதி முழுவதும் அதில் இருந்தது.

“பாரும்” என்றார் அண்ணாச்சி. “நெலையும் வெட்டுப்படல, ஓடும் வெட்டுப்படல, பந்தக்காலும் வெட்டுப்படல. அவ்வளவு சின்னத் தெருவுல இது எப்பிடி வந்துச்சுன்னு நெனைக்கீரு? எங்க நின்னேன்னு சொல்லட்டா?”

அவர் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு மேலத்தெருக்காரர். அண்ணாச்சி நெகட்டிவை ஒரு பாஸ்போர்ட் பட உறைக்குள் தள்ளி, வாடிக்கையாளரிடம் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார். வாசல்வரை வந்தபோது குரலைத் தாழ்த்தி, “எம் பேரு மட்டும் வெளிய வந்திரப்பிடாது. இன்னும் ரெண்டு பொம்பளப் பிள்ளையக் கெட்டிக்குடுக்காம வச்சிருக்கேன், கேட்டீரா” என்றார். சரி என்று சொன்னேன். இன்னொரு முறை அந்தக் கடைக்குப் போவது அவருக்கு நல்லதில்லை என்பதால் அதன் பிறகு சில மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டேன். கல்யாண நாளை உறுதிசெய்ய ஆழ்வார்திருநகரியில் இருந்த பேச்சியம்மாளின் உறவினர் வீட்டில் பழைய அழைப்பிதழ் ஒன்று கிடைத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, பேச்சியம்மாளும் நானும், பாளையங்கோட்டையிலிருந்து முகாமுக்கு உதவ வந்திருந்த ஓர் இளம் பெண் வழக்கறிஞரும், மறுகணக்கு எடுக்க வந்த வருவாய்த்துறை அதிகாரியைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தோம். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனமில்லை. பல நாள் தூங்காத முகம். கழுத்தில் கைக்குட்டை. படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

எந்த ஸ்டூடியோ என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். முத்திரை இல்லாத படத்தை வைத்து எதையும் திருத்த முடியாது, எடுத்தவர் இன்ன நாளில் இன்ன வீட்டில் எடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரட்டும், பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் வழக்கறிஞர் என்னிடம் கேட்டார்: “நீங்களே எடுத்ததா எழுதிக் குடுத்தா என்ன சார்? வீடு இருந்தது உண்மை. கல்யாணம் நடந்தது உண்மை. உண்மைக்குத்தானே கையெழுத்துப் போடப்போறீங்க?”

நல்ல கேள்வி. உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். அந்த வட்டாரத்தில் என் பெயரை நம்பினார்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று மாலையே காரியம் முடிந்திருக்கும். பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுவிடலாம் என்றே ஒரு கணம் தோன்றியது. பேனா சட்டைப்பையில் இருந்தது.

நான் யோசித்தது இதுதான். அந்த மாதத்தில் நான் எடுத்த காயங்கள், எரிந்த சைக்கிள்கள், முகாமின் படங்கள் எல்லாம் விசாரணைக்குப் போகவிருந்தன. நான் எடுக்காத ஒரு படத்தை எடுத்தேன் என்று எழுதி, அது தெரிந்துபோனால், எடுத்த படங்களையும் எவரும் ஏற்கமாட்டார்கள். ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய்த் தெருவையே இழக்க வேண்டியிருக்கும். இதை அவர்களிடம் அப்படியே சொன்னேன். வழக்கறிஞருக்குத் திருப்தி இல்லை. பேச்சியம்மாள் மட்டும், “அப்பம் வேற வழி சொல்லுங்க” என்றாள்.

வேறு வழி படத்திலேயே இருந்தது. எடுத்தவர் யார் என்று சொல்லாவிட்டாலும், எங்கே நின்று எடுத்தார் என்பதைப் படமே சொல்லும். தண்ணீர்த் தொட்டி எரியவில்லை. பனைமரம் எரியவில்லை. கீழத்தெருவில் அதே இடத்தில் போய் நின்றால், தொட்டியும் பனையும் படத்தில் இருப்பது போலவே அமைய வேண்டும். அமைந்தால் அந்த ஓட்டு வீடு வேறெங்கோ இருந்த வீடு இல்லை, இந்த மண்ணில் நின்ற வீடு. அதிகாரியிடம் மறுபடி போய்ச் சொன்னேன். யோசித்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் இடத்துக்கே வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை நாங்கள் போனபோது தெருமுனை டீக்கடையில் மேலத்தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அன்று மேலத்தெருவில் ஒரு சடங்கு வீடு, பெண் வயதுக்கு வந்த விசேஷம். அந்தக் கூட்டத்தின் நடுவில், கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு, டீக் குடித்தபடி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார். நானும் அப்படியே.

பேச்சியம்மாள் வாசல் இருந்த இடத்தைக் காட்டினாள். நான் எதிரே போய் நின்றேன். அதிகாரி பிரிண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். படத்தில் பனைமரம் தொட்டிக்கு வலதுபக்கம். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இடதுபக்கம். நகர்ந்தேன். வலதுபக்கம் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. பின்னால் போனேன். தொட்டி தாழ்ந்துபோயிற்று. இன்னும் நகர்ந்தேன்.

டீக்கடையிலிருந்து பேச்சு கேட்டது.

“ஏலே, என்னலே அளக்காவ?”

“காத்துல வீடு கட்டுதாவ போல.”

சிரித்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒத்துவரவில்லையே என்றார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் எங்கே நின்றாலும் தொட்டியின் அடிப்பாகம் படத்தில் இருந்த உயரத்துக்கு வரவேயில்லை. இது அதே இடம்தான் என்று எனக்குத் தெரியும், அதைக் காட்டத்தான் முடியவில்லை. அதிகாரி பிரிண்டை உறைக்குள் வைத்துப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

“ஓய்.”

டீக்கடையிலிருந்துதான் அந்தக் குரல்.

“தரையில நின்னுக்கிட்டு எடுத்தா எப்பிடிவே வரும்?”

அண்ணாச்சி எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். அவர் காதில் வாங்கவில்லை. டீக்கடை முக்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்குள் நடந்து வந்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்து, பிடிக்காததைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

“அங்கன இல்ல. இன்னும் பைய பின்னால வாரும். இந்தா, இங்கன. இந்த எடத்துல ஒரு கல்தொட்டி கெடந்தது, மாட்டுக்குத் தண்ணி காட்டுத தொட்டி. அதயும் அள்ளிட்டுப் போயிட்டான் போல.” முக்காலியைப் போட்டார். “ஏறும்.”

ஏறினேன். அதிகாரியும் பின்னால் ஒரு கல்லில் ஏறிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி உயர்ந்தது. பனைமரம் அதன் காலோடு ஒட்டிக்கொண்டு சாய்ந்தது. படத்தில் இருந்த கூரைக்கோடு எங்கே ஓடியதோ அந்தக் கோட்டுக்கு மேலே வானம், கீழே வெறும் வெளி. பிரிண்டை எதிரே பிடித்துப் பார்த்தால் வீடு அங்கேயே நின்றது. ஒரு படம் எடுத்தேன். ஒன்று கெட்டாலும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்தேன்.

அதிகாரி கல்லிலிருந்து இறங்கி அண்ணாச்சியைக் கேட்டார்: “நீங்க யாரு?”

“பக்கத்து ஊர்ல ஸ்டூடியோ வச்சிருக்கேன் சார்.”

“இந்தப் படம் நீங்க எடுத்ததா?”

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். எனக்கு உண்மை தெரியும். பேச்சியம்மாளுக்கும் தெரியும். ஆமாம் என்ற ஒரு சொல்லில் கையெழுத்துக் கிடைத்துவிடும், அதிகாரிக்கு இருக்கிற கடைசிச் சந்தேகமும் போய்விடும். ஏழெட்டு ஜோடிக் கண்கள் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று முடிவு செய்தேன். அவர் பேரை வெளியே விடமாட்டேன் என்று நான் சொன்ன சொல், அவரே வெளியே வந்து நின்ற பிறகும் என்னைக் கட்டும். கேமராவில் சுருளைச் சுற்றுகிறமாதிரி குனிந்துகொண்டேன். பேச்சியம்மாள் அண்ணாச்சியை முன்பின் பார்த்திராதவள்போல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“எந்த போட்டாக்காரனா இருந்தாலும் இங்கன ஏறித்தான் சார் எடுப்பான். கீழ நின்னா பந்தல் ஓட்ட மறைச்சிரும்லா.”

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு டீக்கடையைப் பார்த்தார். இரண்டாம் முறை கேட்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து ‘குடிசை’ என்பதை அடித்துவிட்டு, ‘ஓட்டு வீடு, செங்கல் சுவர், சிமெண்டுத் தரை’ என்று எழுதினார். பேச்சியம்மாள் கிட்டே போய் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அண்ணாச்சி முக்காலியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பிப் போனார். அங்கே சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. அவர் உட்காரப் போனபோது பக்கத்தில் இருந்தவர் எழுந்துகொண்டதைப் பார்த்தேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். படம் கொடுத்தவரின் பெயரை மறைத்தால் போதாது. அந்தப் படத்தை வெளியே எடுக்கிற நாளில் அவர் எங்கே இருப்பார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளலாம். தான் எடுத்த படத்தை இன்னொருவன் கண்ணெதிரே கோணலாக எடுக்கும்போது ஒரு போட்டோக்காரரைச் சும்மா உட்காரவைப்பது கடினம். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே இது புரியும் என்று நினைக்கிறேன். அன்று அவர் எழுந்து வந்தது அதனால்தான் என்று பல வருடங்கள் சொல்லிவந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அதிகாரி பிரிண்டை உறைக்குள் வைக்கிறவரை அவர் பொறுத்திருந்தார். கோணம் மட்டும்தான் உறுத்தியிருந்தால் முதல் தடவையே கத்தியிருப்பார். இதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்காக அடுத்த தை மாதம் அந்தக் கடைவீதிக்குப் போனேன். அதற்குள் பேச்சியம்மாள் குடும்பம் கீழத்தெருவுக்குத் திரும்பி அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியிருந்தது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செருப்புக்கடை வந்திருந்தது. செருப்புக்கடைக்காரர், அண்ணாச்சி திருப்பூருக்குப் போய்விட்டார், அங்கே மூத்த மருமகன் கலர் லேப் வைத்திருக்கிறார், போகவேண்டும் என்று வெகுநாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். எதிரே வெற்றிலைக்கடை வைத்திருந்தவர் வேறு சொன்னார்: அந்த ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் மேலத்தெருவில் ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லை, ஆனால் யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

பேச்சியம்மாளிடம் போய் இரண்டையும் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“பிள்ளையளயும் கூட்டிட்டா போனாவ?”

“ஆமாம்னுதான் சொல்லுதாவ.”

“பாத்திரம் பண்டமெல்லாம்?”

தெரியவில்லை என்றேன். அவள் கேட்டது எதற்கென்று எனக்குப் புரிந்தது. மனமொத்து ஊர் மாறுகிறவர்கள் வண்டி வைத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். இருக்க முடியாமல் கிளம்புகிறவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அந்த ஆண்டு கலவரத்தால் அந்த வட்டாரத்திலிருந்து வெளியேறியவர்களின் பெயர்களை நிவாரண அமைப்புக்காக நான் தொகுத்தேன். அண்ணாச்சியின் குடும்பத்தை அதில் சேர்க்கவில்லை. திருப்பூர் முகவரி எதுவும் கிடைக்கவில்லை. பழைய கடை முகவரிக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. அவர் தாமாகப் போனாரா, போகவைக்கப்பட்டாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.